குடும்பமும் விலக்கும்: மூன்று திரைப்படங்களை முன்வைத்து ஒரு நோக்கு

1

தமிழ்த் திறனாய்வில் குடும்பம் பெரும்பாலும் கதையின் களமாகக் கொள்ளப்பட்டதேயன்றி, ஆய்வின் பொருளாகக் கொள்ளப்பட்டது அரிது. நிலம், கூலி, சாதி, தேசிய இனம் ஆகியன பற்றி வர்க்க நோக்கில் விரிவாகப் பேசிய முற்போக்குத் திறனாய்வு, வீட்டின் வாசற்படி வரை வந்து அங்கே நின்றுவிட்டது. உள்ளே நிகழ்வன தனிமனித ஒழுக்கம் சார்ந்தவை என்றோ, நலிவுற்ற நடுத்தர வர்க்கத்தின் சீரழிவு என்றோ கூறி அவை ஒதுக்கப்பட்டன. இவ்வொதுக்கல் நடுநிலையான செயலன்று. உள்ளே அதிகாரம் செலுத்துவோர்க்கு அது பாதுகாப்பாகவே அமைந்தது.

குடும்ப உறவுக்குள் விலக்கப்பட்ட காதலைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் வெளிவரும்போதெல்லாம் இக்குறைபாடு வெளிப்படையாகின்றது. அத்தகைய படங்கள் அனைத்தும் 'தகாத உறவு' என்ற ஒரே தொடரால் சுட்டப்படுகின்றன. ஆயின், அத்தொடர் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான இரு நிலைமைகளை ஒரே போர்வையால் மூடுகின்றது. ஒன்று, ஒரே கூரையின்கீழ் வாழும் இருவரிடையே இயல்பாக முகிழ்த்து, சொத்தும் மரபும் இடமளியாமையால் தடைப்படும் நேசம். மற்றையது, தன்னை அண்டி வாழ்பவர் மீது பாதுகாவலர் ஒருவர் நிகழ்த்தும் அபகரிப்பு. முன்னையது காதல், பின்னையது அதிகாரம். இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காணாத திறனாய்வு, முன்னையதைக் கண்டிக்கும் வேகத்தில் பின்னையதை மறைத்துவிடுகின்றது.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக்க மூன்று திரைப்படங்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964), ஜெயகாந்தனின் நாவலைத் தழுவி ஏ. பீம்சிங் இயக்கிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977), அசோக ஹந்தகமவின் சிங்களத் திரைப்படமாகிய 'அக்ஷரய' (2005) என்பனவே அவை. மூன்றும் வேறுவேறு மொழியின, வேறுவேறு காலத்தின. எனினும் வணிகச் சினிமா தொட அஞ்சும் ஒரு பொருளைத் தொட்டவை என்ற வகையில் ஒருசேர நோக்கத்தக்கவை.

2

படங்களுக்குள் புகுமுன் விலக்கு என்பது யாது என்ற வினாவுக்கு விடை காண்டல் வேண்டும். விலக்கு இயற்கையின் ஆணை என்பது பொதுவான நம்பிக்கை. நமது சொந்த உறவுமுறைச் சொற்களே இந்நம்பிக்கையை மறுக்கின்றன.

பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா ஆகியோரின் மக்கள் நமக்கு உடன்பிறந்தோர். மாமன், மாமியரின் மக்களோ மச்சானும் மச்சாளும், மணத்திற்கு உரியோர். இரத்த நெருக்கம் இரு சாராரிடத்தும் ஒரே அளவினதே. எனினும் ஒரு சாராருடன் திருமணம் எண்ணவும் கூசுவது. மறு சாராருடன் அது உரிமை. அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் மோர்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெருநூலில் தமிழ் உறவுச் சொற்களையும் வட அமெரிக்கப் பழங்குடியினரின் சொற்களையும் ஒப்பிட்டு, அவற்றிடையே காணப்பட்ட ஒற்றுமையை எடுத்துக்காட்டினார். அவ்வாய்வை அடியொற்றியே ஏங்கெல்ஸ் 1884இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி எழுதினார். மோர்கனின் பரிணாமப் படிநிலைகள் பல பிற்கால மானிடவியலாளரால் மறுக்கப்பட்டன என்பது உண்மையே. எனினும் குடும்பம் வரலாற்றுக்கு உட்பட்டது என்ற அடிப்படை முடிவு மறுக்கப்படவில்லை. 1949இல் லெவி ஸ்ட்ராஸ், விலக்கு என்பது வெறும் தடையன்று, பெண்களைப் பிற குழுக்களுக்கு அளித்து உறவை ஏற்படுத்தும் பரிமாற்ற விதி என வாதிட்டார். அப்பரிமாற்றத்திற் பெண் கொடுக்கப்படும் பொருளாக நிற்பதேன் என்ற வினாவைப் பெண்ணிலைவாதிகளே பின்னர் எழுப்பினர்.

நமக்கு மிக அண்மையிலுள்ள சான்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டிற் பல சாதியினரிடையே தாய்மாமன் தன் அக்கா மகளை மணத்தல் வழக்கிலுள்ள உரிமை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இவ்வுறவை விலக்கப்பட்ட உறவுகளுள் வைப்பினும், வழக்காறு இடமளிக்குமாயின் அதனை ஏற்றுக்கொள்கின்றது. இலங்கையிலோ நிலைமை வேறு. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் உடன்பிறந்தாளின் மகளை மணத்தல் செல்லாது. ஈழத் தமிழரின் வழக்காறும் அதனை ஏற்பதில்லை. இங்கு தாய்மாமன் தந்தைக்கு ஒப்பானவன். திருகோணமலைத் திரையரங்குகளில் தமிழ்நாட்டுப் படங்களைக் கண்டு வளர்ந்த தலைமுறைகள், முறைமாமன் தன் அக்கா மகளை நோக்கிப் பாடும் காதற் பாடல்களைச் சிறு தயக்கத்துடன் கடந்து சென்றிருக்கின்றன. ஒரே மொழி, ஒரே உறவுச் சொல். பாக்கு நீரிணையின் அக்கரையிற் காதலாவது இக்கரையிற் பாவமாகின்றது.

கிழக்குக் கரையில், சிறப்பாக மட்டக்களப்புப் பகுதியில், தாய்வழிக் குடிமுறையும் உண்டு. ஒரே குடியினர் தம்முள் மணம் கொள்வதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் இக்குடிமுறையைப் பகிர்ந்துகொள்கின்றனர். மாமன் மாமியர் மக்களிடையே மணம் கொள்ளும் முறை சிங்கள உறவுமுறைக்கும் பொதுவானது. மூவினத்தவரும் அருகருகே வாழும் துறைமுக நகரமொன்றிலிருந்து நோக்குவோர்க்கு, விலக்கின் எல்லைகள் இனத்துக்கினம், கரைக்குக் கரை மாறுபடுவதும், சில வேளைகளில் இன எல்லைகளைத் தாண்டி ஒன்றுபடுவதும் கண்கூடு.

இதனின்று இருவகை முடிவுகளுக்கு வரலாம். விலக்குகள் அனைத்தும் சொத்துடைமையின் கற்பனைகளே. ஆதலின் அவற்றை மீறுவதெல்லாம் விடுதலையே என்பது ஒன்று. மார்க்சியத்தின் பெயரால் இதனைக் கூறுவோரும் உளர். இது தவறு. விலக்கின் எல்லை வரலாற்றால் மாறுவது என்பதனால், அதன் பயன்கள் யாவும் ஒரே தன்மையன ஆகிவிடா. சில விலக்குகள் சொத்தைக் காக்கின்றன. சில விலக்குகள் வலிமையற்றோரைக் காக்கின்றன. எது எதனைக் காக்கின்றது எனக் கண்டறிதலே வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்கின் கடமையாகும்.

3

'சாருலதா' தாகூர் 1901இல் எழுதிய 'நஷ்டநீடம்' என்ற குறுநாவலைத் தழுவியது. 1965இல் பேர்லின் விழாவிற் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருதை ராய்க்குப் பெற்றுத் தந்தது. கதை 1879-80 காலக் கல்கத்தாவில் நிகழ்கின்றது. பூபதி பரம்பரைச் செல்வமுடையவன். அச்செல்வத்தைக் கொண்டு ஆங்கில அரசியல் இதழ் ஒன்றை நடத்துகின்றான். இங்கிலாந்தின் தாராளவாதிகளது வெற்றியிற் களிக்கின்றான். அவன் மனைவி சாரு ஓய்வும் கல்வியும் உடையவள். செய்வதற்கு எதுவும் இல்லாதவள். பூபதியின் ஒன்றுவிட்ட தம்பி அமல் வருகின்றான். சாருவின் இலக்கிய ஆர்வத்தைத் தூண்டுமாறு அவனைப் பணிப்பவன் பூபதியே.

படத்தின் தொடக்கம் பலராலும் விதந்து பேசப்பட்டது. சாரு கையில் தொலைநோக்கியுடன் சாளரத்துக்குச் சாளரம் சென்று தெருவை நோக்குகின்றாள். பின்னர் தன்னைக் காணாது கடந்து செல்லும் கணவனையும் அதே தொலைநோக்கியினூடாகப் பார்க்கின்றாள். தெருவும் கணவனும் அவளுக்கு ஒரே தூரத்தில் இருக்கின்றனர். இதனைத் தனிமையின் சித்திரம் எனக் கூறி அமைவது போதாது. அந்த வீட்டின் பொருளாதாரம் அவளிடம் எவ்வுழைப்பையும் வேண்டி நிற்கவில்லை. அவள் அங்கு இருப்பதை மட்டுமே வேண்டி நிற்கின்றது. குடியேற்ற ஆட்சியின் நிழலிற் செழித்த நிலவுடைமை வர்க்கம் தன் பெண்களுக்கு அளித்த நிலை இதுவே.

இப்படத்தின் உயிர்நாடி எனக் கருதத்தக்கது இரு துரோகங்களின் இணைவாகும். சாருவின் சகோதரன் உமாபதன், பத்திரிகை நிர்வாகத்தை ஏற்றுப் பணத்தைக் கையாடிச் செல்கின்றான். மனமுடைந்த பூபதி, நம்பிக்கை பறிபோனமை பற்றி அமலிடம் கூறி வருந்துகின்றான். அதனைக் கேட்ட அமல், தானும் அவ்வாறான திருடனே என உணர்ந்து இரவோடு இரவாக வீட்டை விட்டு நீங்குகின்றான். பணத்தைக் கவர்ந்தவனும் மனைவியின் மனத்தைக் கவர்ந்தவனும் அவன் சிந்தையில் ஒரே குற்றத்தின் இரு வடிவினர். மனைவி சொத்து என்ற கருத்துநிலை எவ்வித உரத்த பேச்சுமின்றி இங்கு வெளிப்படுகின்றது. அமல் நல்லவன், ஆதலினாலேயே அவ்வாறு எண்ணுகின்றான். கருத்துநிலையின் வலிமை தீயோரிடத்தன்றி நல்லோரிடத்தேயே முழுமையாகப் புலப்படும்.

சாருவின் நேசத்தின் உள்ளடக்கமும் கவனத்துக்குரியது. தன் கிராமத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை அச்சேறுகின்றது. அதனை அமலிடம் காட்டி அவன் மார்பிற் சாய்ந்து அழுகின்றாள். அவள் வேண்டியது ஓர் ஆடவனை மட்டுமன்று. தன் ஆற்றலைக் கண்டுணரும் ஒரு கண்ணையும் அவள் வேண்டினாள். உழைப்பும் ஆக்கமும் மறுக்கப்பட்டவரிடத்து அவை காதலின் உருவில் வெளிப்படுகின்றன. இங்கு யாரும் யாரையும் அபகரிக்கவில்லை. எனவே இதனைக் காதல் என்றே அழைத்தல் வேண்டும். இறுதியிற் கணவன் மனைவியரின் கைகள் ஒன்றையொன்று நோக்கி நீள, சட்டகம் உறைந்து நிற்கின்றது. இணைவா பிரிவா என இயக்குநர் கூறவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: அமலுக்கு வெளியேற ஓர் இரவு போதும். சாருவுக்கோ வெளியேற ஓர் உலகமே இல்லை.

4

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் சர்ச்சையை எழுப்பியது. மழை நாளொன்றிற் காரில் வந்த ஆடவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மாணவியைத் தாய் நீராட்டி, அவள் தூய்மையானவளே எனத் தேற்றுவதே அக்கதை. தாய் அவ்வாறு செய்யாது கூக்குரலிட்டிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என்ற வினாவின் மீது எழுந்ததே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். அது 1972இல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. 1977இல் ஜெயகாந்தனின் திரைக்கதையுடன் படமாக்கப்பட்டது. கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

கங்காவின் வீழ்ச்சி பற்றியே பெரும்பாலான விமரிசகர் பேசினர். காரில் வந்த பிரபுவே விவாதத்தின் மையமானான். எமது நோக்கில் மையமாக வேண்டியவர் வெங்கு மாமா. தமையனால் வெளியேற்றப்பட்ட கங்காவைத் தாயின் உடன்பிறந்தானாகிய இவ்வழக்கறிஞரே பொறுப்பேற்றுப் படிக்க வைக்கின்றார். அவளது உத்தியோகத்துக்கும் தன்மானத்துக்கும் அடித்தளமிட்டவர் அவரே. அவளது உடல் மீது உரிமை கோருபவரும் அவரே. கெட்டுப்போனவள் எவனுக்கும் மனைவியாக முடியாது. ஆனால் வைப்பாக இருக்கலாம் என்ற தர்க்கத்தைச் சட்ட அறிவும் சாத்திர அறிவும் நிரம்பிய அவர் முன்வைக்கின்றார்.

முற்கூறிய உறவுமுறை வேறுபாடு இங்கு பொருள் பெறுகின்றது. தாய்மாமன் என்ற உறவு அச்சமூகத்தில் மணத்திற்கு முற்றாகப் புறம்பானதன்று. எனவே வெங்கு மாமாவின் நடத்தையை உறவுமுறை விலக்கு ஒன்றைக் கொண்டு மட்டும் கண்டிக்க இயலாது. ஈழத்து வாசகர்க்கு அவர் இரட்டிப்பாக அருவருப்பூட்டுவார். தமிழ்நாட்டு வாசகர் சிலருக்கு அவர் மனைவியுள்ள ஒருவர் என்ற அளவிலேயே குற்றவாளி ஆவார். இவ்விரு வகை வாசிப்புக்கும் அப்பால் மாறாது நிற்பது ஒன்றுண்டு: அவள் அவரது சோற்றை உண்டவள், அவரது கூரையின்கீழ் வாழ்ந்தவள், மறுத்தால் போக்கிடம் இல்லாத வயதில் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டவள். குற்றத்தின் வேர் இரத்த உறவில் இல்லை, சார்ந்திருத்தலில் உள்ளது. அளித்த கல்வியைக் கடனாகவும், உடலை அதன் வட்டியாகவும் கணக்கிடும் மனம் இது. நிலமானிய உறவுகளில் நிலக்கிழான் குடியானவன் மீது கொண்ட உரிமை, நகர்ப்புறப் படித்த வீட்டினுள் மாமன் உறவின் உருவில் எஞ்சி நிற்கின்றது.

பெண் கூலி உழைப்பில் ஈடுபட்டதும் விடுதலை பெறுவாள் என்ற எளிய சூத்திரத்தையும் இக்கதை ஐயுறச் செய்கின்றது. கங்கா சம்பளம் பெறுகின்றாள். தாயைத் தன்னுடன் வைத்துக் காக்கின்றாள். எனினும் மாமன் அவள் வீட்டுக்குள் அதிகாரத்துடன் நுழைகின்றார். பொருளாதாரத் தற்சார்பு இன்றியமையாதது. ஆனால் தனித்து நின்று போதுமானதன்று. அவளை 'கெட்டுப்போனவள்' என வரையறுத்த கருத்துநிலை, அவளது சம்பளத்தையும் மீறி அவளை மாமனுக்குக் கடன்பட்டவளாக வைத்திருக்கின்றது.

இப்படைப்பின் குறையும் இங்கேயே உள்ளது. வெங்கு மாமாவை ஜெயகாந்தன் ஒரு தனிமனிதப் போலித்தனமாகவே பெரிதும் தீட்டுகின்றார். கங்காவை வெளியேற்றிய தமையனின் வருவாய், குடும்ப மானம் என்ற பெயரிற் காக்கப்பட்ட நலன்கள், மாமனின் கொடை தேவைப்பட்ட சூழல் ஆகியன பின்புலமாகவே நின்றுவிடுகின்றன. போலி மனிதன் ஒருவனை வெறுத்துவிட்டு வாசகன் நிம்மதியுடன் வீடு திரும்பலாம். அத்தகைய மனிதனை உருவாக்கும் ஏற்பாட்டை வெறுக்கும் நிர்ப்பந்தம் அவனுக்கு ஏற்படுவதில்லை.

5

'அக்ஷரய' இவ்வகையில் ஒருபடி முன்செல்கின்றது. நீதவானாகிய தாய், ஓய்வுபெற்ற நீதிபதியாகிய முதியவர், பன்னிரண்டு வயது மகன் என்போரைக் கொண்ட குடும்பமே அதன் களம். மகன் கையால் எதிர்பாராது நேரும் ஒரு மரணமும், குடும்பத்தினுள் மறைந்து கிடக்கும் தகாப்புணர்ச்சி பற்றிய இரகசியமும் கதையை நடத்துகின்றன. பிறர் குற்றங்களுக்குத் தீர்ப்பளிப்போர் தம் வீட்டுக் குற்றத்தை மறைக்க முயல்கின்றனர். சட்டம் குடும்பத்துக்கு வெளியே நின்று அதனைக் காக்கும் நடுவர் என்ற கருத்தை ஹந்தகம தலைகீழாக்குகின்றார்.

தணிக்கைச் சபை வயது வந்தோர்க்கு மட்டும் என அனுமதித்த இப்படத்தை 2006இல் அரசு தடை செய்தது. பொதுக் காட்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1912ஆம் ஆண்டுக்குரியது. குடியேற்ற ஆட்சியாளர் விட்டுச் சென்ற கருவி. இதற்குமுன் 2000ஆம் ஆண்டில் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' போரின் பெயரால் நிறுத்திவைக்கப்பட்டபோது, 2001இல் உயர் நீதிமன்றம் இயக்குநருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. போரைப் பற்றிய உண்மையும் குடும்பத்தைப் பற்றிய உண்மையும் அரசுக்கு ஒருங்கே அச்சமூட்டுவது தற்செயலானதன்று. இரண்டிலும் தந்தைமையின் புனிதமே வினாவுக்கு உள்ளாகின்றது.

படத்துக்கு எதிராக எழுப்பப்பட்ட கண்டனங்களுள் ஒன்று முற்றாகத் தள்ளத்தக்கதன்று. தாயும் மகனும் இடம்பெறும் குளியலறைக் காட்சியிற் சிறுவன் ஒருவன் நடிக்க வைக்கப்பட்டமை பற்றியது அது. கலையின் சுதந்திரம் என்று கூறி இதனைக் கடந்து செல்ல மார்க்சியருக்கு உரிமையில்லை. சிறுவர் நடிகர் ஒருவர் முதலில் உழைப்பவர். தன் உழைப்பின் நிபந்தனைகளைத் தானே நிர்ணயிக்க இயலாத உழைப்பாளர். படப்பிடிப்புத் தளத்தில் அவரைக் காக்கும் விதிகள் வேண்டும். ஆனால் அவ்விதிகளை ஆக்குவது வேறு, படத்தை மறைப்பது வேறு. தடை எந்தச் சிறுவனையும் காக்கவில்லை. திரையிலுள்ள குடும்பத்தை மறைத்து, திரைக்கு வெளியேயுள்ள குடும்பத்தை அவ்வாறே விட்டுவைத்தது.

படத்தின் வர்க்கத் தெரிவு பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். நீதிபதிகளின் வீட்டைத் தெரிந்தமை சட்டத்தின் முகத்திரையைக் கிழிக்க உதவியது. அதேவேளை, இத்தகைய இரகசியங்கள் மேட்டுக்குடியினர்க்கே உரியவை எனச் சாதாரண பார்வையாளர் தம்மை விடுவித்துக்கொள்ளவும் அது வழிவிட்டது.

6

இலங்கையின் சட்டம் இவ்விடயத்தில் உறங்கிக் கிடக்கவில்லை. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினூடாகத் தண்டனைச் சட்டக்கோவையிற் சேர்க்கப்பட்ட 364அ பிரிவு, தகாப்புணர்ச்சியைத் தனிக் குற்றமாக வரையறுத்தது. ஆயின் சட்டம் வினாவுவது உறவின் அளவை. சார்ந்திருத்தலை அளக்கச் சட்டத்திடம் கோல் இல்லை. அக்கோலை ஆக்கித் தருவது கலையின் பணி. அதனை வாசித்துக் காட்டுவது திறனாய்வின் பணி.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியை எண்ணுக. 1957இற் பிரித்தானியக் கடற்படைத் தளம் கையளிக்கப்படும் வரை, துறைமுகத் தொழிலைச் சுற்றி வந்து குடியேறிய குடும்பங்கள் பல. கால் நூற்றாண்டுக்கு மேலாக நீடித்த போர் அக்குடும்பங்களைச் சிதறடித்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோர வீடுகளை அள்ளிச் சென்றது. 'அக்ஷரய' தடை செய்யப்பட்ட அதே 2006இல் சம்பூரிலும் மூதூரிலும் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற தாய்மாரின் பிள்ளைகள் உறவினர் வீடுகளில் வளர்ந்தனர். தந்தையை இழந்த வீடு மாமனைச் சார்ந்தது. தாயை இழந்த பிள்ளை சின்னம்மாவின் கணவனைச் சார்ந்தது. இவ்வுறவினருட் பெரும்பாலோர் தம் வாயைக் கட்டிப் பிறர் பிள்ளைகளை வளர்த்தவர்கள். அவர்களின் தியாகம் எழுதப்படாத வரலாறு. அதனை மறத்தல் நன்றியின்மை. எனினும், சார்ந்திருத்தல் பெருகும்போது மௌனமும் பெருகும் என்பதை மறைத்தலும் அறமன்று. சோறு இட்டவருக்கு எதிராகப் பேசலாகாது என்ற பண்பாட்டு ஆணை, பேச வேண்டியவரின் நாவையே முதலிற் கட்டுகின்றது.

ஆதலின், குடும்பத்தினுள் விலக்கப்பட்ட காதல் பற்றிய படைப்பொன்றை எதிர்கொள்ளும் திறனாய்வாளர், அது ஒழுக்கமானதா என்ற வினாவுடன் தொடங்குதல் பயன் தராது. வீடு யாருக்கு உரியது, யாருடைய உழைப்பில் யார் உண்கின்றனர், மறுத்தால் வெளியேறும் வழி யாருக்கு உண்டு என்ற வினாக்களுடனேயே தொடங்குதல் வேண்டும். இவ்வினாக்களை முன்வைத்தால் மூன்று படங்களும் தெளிவாக வேறுபடுகின்றன. சாரு நேசித்தாள், வெளியேறும் வழி அவளுக்கில்லை. கங்கா நேசிக்கவில்லை, வழி கண்ட பின்னரும் அவள் பின்தொடரப்பட்டாள். நீதிபதிகளின் வீட்டுச் சிறுவனுக்கு நேசம் இன்னதென்றோ வழி இன்னதென்றோ அறியும் வயதில்லை. முதலாமவளுக்கு வேண்டியது தடையின் நீக்கம். ஏனைய இருவருக்கும் வேண்டியது தடையின் காவல். இரண்டையும் ஒரே சொல்லாற் கண்டிப்பதும், ஒரே சொல்லால் விடுதலை எனப் போற்றுவதும் வீட்டுத் தலைவருக்கே துணை செய்யும்.